மார்லிஸ் அறியாத படுக்கை

"இருபத்திரண்டு வருஷம் ஒத்தையா அவஸ்தைப்பட்டே. கடைசித் தடவையாவது நான் பக்கத்துல உட்கார்ந்து சேர்ந்து அவஸ்தைப்படறேன்," என்றாள் மார்லிஸ்.

வேறு எந்தப் புருஷனுக்கும் இதைக் கேட்டு நெஞ்சு குளிர்ந்திருக்கும். வெண்டல் ஹாகன் செய்தித்தாளை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தான். ஏனென்றால் அவன் அவஸ்தையே பட்டதில்லை.

மினசோட்டாவின் ஓவட்டோனாவில், பொட்டலம் கட்டும் இயந்திரங்கள் செய்யும் கம்பெனியில் அவனுக்கு வேலை. சியோலுக்குப் பக்கத்தில் ஒரு நூடுல்ஸ் தொழிற்சாலை அந்த இயந்திரங்களை வாங்கிப் போட்டிருந்தது. அவை அடிக்கடி மக்கர் பண்ணும். பண்ணும்போதெல்லாம் வெண்டல் மினியாபொலிஸில் விமானம் ஏறுவான். பதினாலு மணி நேரப் பயணம் என்பதால், போய் இறங்கியதும் ஆள் தெளிவாக வேலை பார்க்க வேண்டும் என்று கம்பெனி அவனுக்கு முன்பக்கத்து பிசினஸ் கிளாஸில்தான் இடம் எடுத்துக் கொடுக்கும். முழுசாகப் படுக்கிற இருக்கை. பொத்தானை அழுத்தினால் முதுகுப் பக்கம் மெல்லச் சாயும், கால் பக்கம் நீளும், கடைசியில் நாற்காலி இருந்த சுவடே இல்லாமல் ஒரு கட்டில் கிடக்கும். அதன் மேல் ஒரு மெல்லிய மெத்தை, கனமான போர்வை, தலைக்கு இரண்டு தலையணை. வெண்டல் வீட்டில் புரண்டு புரண்டு படுக்கிறவன். அங்கே கட்டையைச் சாய்த்தால் அவ்வளவுதான், அலாஸ்கா வருமுன் குறட்டை வந்துவிடும்.

இதை அவன் மார்லிஸிடம் சொல்லவில்லை என்பதுதான் விஷயம்.

முதல் தடவை சொல்லத்தான் நினைத்தான். ஹோட்டலுக்குப் போய், குளித்து, நேற்றுப் பிறந்தவன் போன்ற தெளிவோடு வீட்டுக்கு போன் போட்டான். என்ன சொல்ல வேண்டும் என்று வார்த்தைகள் கூடத் தயாராக இருந்தன. அவன் வாயைத் திறக்குமுன் அவள் திறந்தாள். குளிரில் குழாய் வெடித்து வீட்டின் அடித்தளம் முழுக்கத் தண்ணீர். பையன்கள் இரண்டு பேருக்கும் வாந்தி. ஒருத்தனைத் தோளில் போட்டுக்கொண்டு வாளியால் தண்ணீரை இறைத்துக்கொண்டிருக்கிறாள். எல்லாம் சொல்லி முடித்துவிட்டு, "உன் பயணம் எப்படி?" என்றாள்.

"மகா மோசம்," என்றான் வெண்டல். "நடு சீட்டு. முட்டி தாடையைத் தொடுது."

அந்த முதல் பொய்யை மன்னித்துவிடலாம். அவள் தண்ணீரில் நின்றுகொண்டிருக்கும்போது 'நான் பஞ்சு மெத்தையில் படுத்து வந்தேன்' என்று எந்த மனுஷன் சொல்வான்? அதிலும் அந்தப் பக்கத்து ஆட்கள் லாட்டரியே விழுந்தாலும் 'பரவாயில்லை' என்று மட்டும் சொல்கிறவர்கள். சுகமாக இருக்கிறேன் என்று சொல்வது அவர்களுக்குத் தற்பெருமை. ஆகவே முதல் தடவையை விட்டுவிடலாம். அதற்குப் பிறகு வந்தவைதான் கணக்கில் சேரும்.

ஏனென்றால் அந்தப் பொய்க்கு வரவேற்பு பலமாக இருந்தது. வெண்டல் திரும்பி வந்த அன்று வீட்டில் டெலிவிஷன் அணைந்திருந்தது. அடுப்பில் அவனுக்குப் பிடித்த ஹாட்டிஷ், இறைச்சியும் உருளைக்கிழங்கும் அடுக்கிச் சுடுவது, வெந்துகொண்டிருந்தது. மார்லிஸ் அவன் முட்டிகளுக்குத் தைலம் தேய்த்துவிட்டு, திரைச்சீலைகளை இழுத்துவிட்டு, "அப்பா தூங்கறார், மூச்சு விடக்கூடாது" என்று பையன்களை அடித்தளத்துக்குத் துரத்தினாள். மறுநாள் பனி கொட்டியது. அவளே வெளியே போய் வாசல் பாதையின் பனியை வாரினாள். உள்ளே படுத்திருந்த வெண்டலுக்குத் தூக்கம் துளியும் இல்லை. வரட் வரட் என்று மண்வெட்டிச் சத்தம் காதில் விழுந்துகொண்டே இருந்தது. எழுந்து போயிருக்கலாம். போகவில்லை.

அப்புறம் ஒவ்வொரு பயணத்துக்கும் அதே கதைதான். முட்டிக்குப் பிறகு கழுத்து வந்தது, கழுத்துக்குப் பிறகு பக்கத்து சீட்டுக் குழந்தையின் அழுகை வந்தது, சாப்பாடு வாயில் வைக்க முடியவில்லை என்பது வந்தது. கற்பனை வற்றியபோது, சும்மா கண்ணை மூடிப் பெருமூச்சு விட்டாலே போதும் என்று கண்டுகொண்டான். இரக்கத்துக்கு அப்படி ஒரு ருசி.

இப்போது, அவன் ஓய்வு பெறுமுன் போகிற கடைசிப் பயணத்தில், அந்த மார்லிஸ் கூட வருகிறாள்.

மறுநாளே கம்பெனியில் டிக்கெட் பார்க்கும் பெண்ணிடம் போய் நின்றான். தன் டிக்கெட்டைப் பின்பக்கத்துக்கு மாற்றித் தரச் சொன்னான்.

"சார், கீழேர்ந்து மேல போகணும்னு எல்லாரும் உயிரை வாங்கறாங்க. மேலேர்ந்து கீழ போகணும்னு கேட்ட முதல் ஆள் நீங்கதான்."

"மனைவி கூட வர்றா. பக்கத்துல உட்காரணும்."

"அடடா! எங்க வீட்லயும் ஒருத்தர் இருக்காரே," என்று அந்தப் பெண் உருகிப்போனாள். அலுவலகம் முழுக்க அவனை மனைவி மேல் உயிரையே வைத்திருப்பவன் என்று பேசிக்கொண்டார்கள். அவன் முகத்தில் ஈயாடவில்லை.

அதோடு முடிந்ததா? அவனைப் போல் வருடக்கணக்காகப் பறந்தவர்களுக்கு, முன்னால் இடம் காலியாக இருந்தால் விமானக் கம்பெனியே கேட்காமல் தூக்கி அங்கே போடும். விமானம் ஏறும் வாசல் அருகே ஒரு திரையில் அவர்கள் பெயர்கள் வரிசையாக ஓடும். வெண்டல் போன் போட்டு, அந்த வரிசையிலிருந்து தன் பெயரை எடுக்கச் சொன்னான். எதிர்முனையில் இருந்தவர் மூன்று தடவை 'நிச்சயமாகவா?' என்று கேட்டார். பிறகு வெண்டல் தன் கைப்பெட்டியில் தொங்கிய, விமானக் கம்பெனி கொடுத்த தங்கநிற அட்டையைக் கழற்றி, கராஜில் வண்ணப்பூச்சு டப்பாக்களுக்குப் பின்னால் ஒளித்துவைத்தான். ராத்திரி படுத்தால், இன்னும் எதையோ மறந்துவிட்டோம் என்று பட்டுக்கொண்டே இருந்தது.

மார்லிஸும் தயாரானாள். கழுத்துக்கு மாட்டும் தலையணை இரண்டு, காலை இறுக்கிப் பிடிக்கும் காலுறை இரண்டு ஜோடி, காதில் அடைக்கப் பஞ்சு. சாப்பாடு வாயில் வைக்க முடியாது என்று அவன் சொல்லியிருந்தானே, அதற்காகப் பன்றிக்கறி சாண்ட்விச் எட்டு, ஒரு டப்பா நிறைய லெஃப்சா என்கிற உருளைக்கிழங்கு ரொட்டி. ஒவ்வொன்றையும் பையில் வைக்கும்போது, "இது அப்பவே தெரிஞ்சிருந்தா உனக்குக் கொடுத்தனுப்பியிருப்பேன்," என்று சொல்லிச் சொல்லி வைத்தாள். வெண்டல் தண்ணீர் குடிக்கிற சாக்கில் எழுந்து போனான்.

விமான நிலையத்தில் அவனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. வழக்கமாக நுழைகிற தனி வரிசைப் பக்கம் கால் தானாகத் திரும்பியது. அதைப் பிடித்து இழுத்துப் பெரிய வரிசையில் நிறுத்தினான். முன்பக்கத்துப் பயணிகளுக்கான ஓய்வறை வாசலில் நின்ற பெண் அவனைப் பார்த்துக் கை ஆட்டினாள்.

"யாரு அது?" என்றாள் மார்லிஸ்.

"தெரியல. ஆள் மாறிப்போச்சு போல."

"பாவம், சிரிச்சாங்க. நீயும் கை ஆட்டியிருக்கலாம்."

வாசலுக்கு வந்ததும் திரையைப் பார்த்தான். வரிசையில் அவன் பெயர் இல்லை. முதல்முறையாக மூச்சு சீராக வந்தது. பின்பக்கத்துப் பயணிகள் கூட்டத்தில் ஒதுங்கி, கழுத்துத் தலையணையைக் கூட மாட்டிக்கொண்டான். அப்போதுதான் ஒலிபெருக்கியில் அவன் பெயரைக் கூப்பிட்டார்கள்.

மேசைக்குப் பின்னால் டார்லா என்று பெயர் குத்திய ஒரு நடுத்தர வயதுப் பெண் இருந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"ஹாகன் சார், இது உங்க கடைசிப் பயணம்னு எங்க ஆளுங்க சொன்னாங்க. உங்களுக்கும் மேடத்துக்கும் முன்னாடி ரெண்டு சீட்டு எடுத்து வச்சிருக்கேன். போக, வர, ரெண்டுக்கும். எங்களோட சின்ன அன்பளிப்பு."

"ஐயோ, வேண்டாங்க," என்றான் வெண்டல். "எங்களுக்கு இதுவே வசதி."

இங்கேதான் அவன் ஊர் அவனைக் கவிழ்த்தது. மினசோட்டாவில் யாராவது ஒரு காபி நீட்டினால் முதலில் வேண்டாம் என்று சொல்ல வேண்டும். மறுபடி நீட்டினால், உங்களுக்கு எதற்குச் சிரமம் என்று சொல்ல வேண்டும். மூன்றாவது தடவைதான் அரைக் கோப்பை வாங்கிக்கொள்ளலாம். எடுத்த எடுப்பில் வாங்கிக்கொள்கிறவனை வெளியூர்க்காரன் என்பார்கள். டார்லாவும் அதே மண்ணில் பிறந்தவள். முதல் மறுப்பைக் கேட்டதும், நல்ல குடும்பத்துப் பிள்ளை என்று அவள் கண்ணில் மரியாதை கூடியது.

"இதுல என்ன சார் இருக்கு, சீட்டு சும்மாதான் போகுது."

"இல்லங்க, வேற யாராவது தேவைப்படறவங்களுக்குக் கொடுங்க. நிஜமாவே வேண்டாம்."

இரண்டாவது மறுப்பில் டார்லாவுக்குக் கண்ணே கலங்கிவிட்டது. உண்மையிலேயே வேண்டாம் என்பதற்கு ஒரு வார்த்தை தேடினான் வெண்டல். அந்த ஊர்ப் பேச்சில் அப்படி ஒரு வார்த்தையே கிடையாது. அவன் தேடிக்கொண்டிருக்கும்போது மார்லிஸ் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"அவங்களுக்குச் சிரமம் இல்லேன்னா... இவ்வளவு தூரம் சொல்றாங்களே வெண்டல்."

அதுதான் மூன்றாவது. இயந்திரம் கிர்ரென்று இரண்டு சீட்டுகளை அச்சடித்துத் துப்பியது.

விமானத்துக்குப் போகும் குழாய்ப் பாதையில் மார்லிஸ் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். சின்னப் பெண் மாதிரி இருந்தாள். "கடைசியிலயாவது உனக்கு ஒரு நல்லது நடந்ததே!" என்றாள். அப்போதாவது சொல்லியிருக்கலாம். மனுஷன் சொன்னது இது: "ஆமா. எப்படி இருக்குன்னு நானும் இப்பத்தான் பார்க்கப் போறேன்."

நடுவில் ஜோடியாக இருக்கும் இரண்டு இடங்கள். உட்கார்ந்ததும் வெண்டல், பொத்தான்களைப் புதிதாகப் பார்க்கிறவன் போல் தடவினான். வேண்டுமென்றே தப்பான பொத்தானை அழுத்தி விளக்கை எரியவிட்டான். மார்லிஸ்தான் சரியானதைக் கண்டுபிடித்தாள். "இதோ பாரு, இதை அழுத்தினா நீளுது! கால் எவ்வளவு தூரம் போகுது பாரு!" அவன் வாயைப் பிளந்து ஆச்சரியப்பட்டான்.

ரோண்டா வந்தாள். முப்பது வருடமாக அந்த விமானக் கம்பெனியில் பணிப்பெண். போன மாதம், அடுத்ததுதான் என் கடைசி என்று வெண்டல் அவளிடம் வாய்விட்டிருந்தான். அன்பளிப்பு அவள் செய்த ஏற்பாடுதான்.

"ஹாகன் சார்! உங்க ஜன்னலோர சீட்டை விட்டுட்டு நடுவுல வந்து உட்கார்ந்தா எனக்கு ஆளே அடையாளம் தெரியல. மேடம், கடைசியில உங்களைப் பார்த்துட்டேன்! இவரு மாதிரி தூங்கற ஆளை நான் என் சர்வீஸ்ல பார்த்ததில்ல. வறுத்த பாதாம் ரெண்டு கிண்ணம், ஐஸ்கிரீம் ஒண்ணு, அப்புறம் போர்வையைக் கழுத்து வரைக்கும் இழுத்துவிட்டா போதும். இறங்கும்போது தட்டி எழுப்பறது என் வேலை. ஒவ்வொரு தடவையும் 'அதுக்குள்ளயா?'ம்பாரு. சார், வழக்கம்போல மெத்தையை முதல்லயே விரிச்சுடட்டுமா?"

வெண்டல் கையும் களவுமாகப் பிடிபட்டவனின் முழியோடு அப்படியே இருந்தான்.

"அப்படியா," என்றாள் மார்லிஸ் சிரித்த முகத்தோடு. "நல்லாத் தூங்குவாரா. அது ரொம்ப நல்லதாச்சே."

ரோண்டா போன பிறகு மார்லிஸ் அவன் கழுத்திலிருந்த தலையணையைக் கழற்றினாள். தன்னுடையதையும் கழற்றினாள். இரண்டையும் அடக்கமாக மடித்துப் பையில் வைத்தாள். சாண்ட்விச் பொட்டலத்தை அதற்கும் அடியில் தள்ளினாள். கத்தியிருந்தால் தேவலை. அந்தப் பக்கத்துப் பெண்கள் கோபம் வந்தால் ஒழுங்குபடுத்த ஆரம்பித்துவிடுவார்கள்.

கொண்டுவந்து வைத்த எல்லாவற்றையும் அவள் சாப்பிட்டாள். சூடான பாதாம், மீன், பாலாடைக்கட்டி, மேலே கேரமல் ஊற்றிய ஐஸ்கிரீம். ஒவ்வொரு வாய்க்கும் நன்றி சொன்னாள், வெண்டலுக்கு இல்லை, ரோண்டாவுக்கு. பிறகு மெத்தையை விரிக்கச் சொல்லிப் படுத்தாள். இரண்டு இருக்கைகளுக்கும் நடுவே ஒரு தட்டி உண்டு, அந்நியர்கள் பக்கத்தில் வந்தால் மறைத்துக்கொள்ள. அதற்கான பொத்தானை மார்லிஸ் யாரையும் கேட்காமலே கண்டுபிடித்தாள். தட்டி விர்ரென்று மெதுவாக ஏறியது. முதலில் அவள் தோள் மறைந்தது, பிறகு கன்னம், கடைசியில் நெற்றி.

மேற்கே பறப்பதால் வெளியே அணையாத ஒரு பகல். ஜன்னல்களை அடைத்து உள்ளே இருட்டாக்கியிருந்தார்கள். சுற்றிலும் எல்லாரும் படுத்துவிட்டார்கள். வெண்டலும் படுத்தான். அதே மெத்தை, அதே போர்வை, கால் வைக்க அதே பொந்து. இடப்பக்கம் புரண்டான், வலப்பக்கம் புரண்டான். முழங்கை தட்டியில் இடித்தது. எழுந்து உட்கார்ந்தான். கக்கூஸுக்குப் போனான், போகத் தேவையில்லாமலே. திரும்ப வந்து படுத்தான், திரும்ப எழுந்தான். தட்டிக்கு அந்தப் பக்கம் அவள் தூங்குகிறாளா, கண்ணை விழித்துக் கூரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறாளா? எட்டிப் பார்க்க வெட்கமாக இருந்தது. முப்பத்தெட்டு வருடம் குடும்பம் நடத்தின பெண்டாட்டியை எட்டிப் பார்க்க வெட்கம்.

நான்காவது தடவை சமையல் பகுதிக்குப் போனபோது ரோண்டா கைகளைக் கட்டிக்கொண்டு அவன் எதிரில் நின்றாள்.

"என்ன சார் ஆச்சு இன்னிக்கு? உங்களைப் பார்த்தா எனக்கே தலை சுத்துது."

அவன் சொன்னான். நின்றபடி, தாழ்ந்த குரலில், தைலம் வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னான். ரோண்டா கேட்டுவிட்டு அவனையே பார்த்தாள்.

"வேற பொம்பளை விஷயம்னாக்கூட எனக்குப் புரிஞ்சிருக்கும் சார். யாராவது தூக்கத்துக்குப் போய் இப்படிப் பொய் சொல்லுவாங்களா?"

"நீ வாயை மூடிட்டு இருந்திருந்தா..."

"அதைச் சொல்லாதீங்க. நான் வாயைத் திறந்தது ஒரு தடவை. நீங்க மூடினது எத்தனை வருஷம்?"

வெண்டல் தன் இடத்துக்குத் திரும்பினான்.

இறங்குமுன் சாப்பாட்டு வாசனை வந்தபோது தட்டி இறங்கியது. மார்லிஸின் கன்னத்தில் தலையணை மடிப்பு பதிந்திருந்தது.

"தூங்கினியா?" என்றான்.

"நல்லாத் தூங்கினேன். நம்ம பெரியவன் கர்ட் பிறந்ததிலேர்ந்து இப்படித் தூங்கினதே இல்ல. அதான் எரிச்சலா இருக்கு." போர்வையை நான்காக மடித்தாள். "எத்தனை தடவை இந்த மாதிரி வந்தே?"

பூசி மெழுக அப்போதும் இடம் இருந்தது. 'சமீபத்தில் ஒன்றிரண்டு தடவை' என்று சொன்னால் பாதிக்குப் பாதி தப்பித்துவிடலாம். அந்த வாக்கியம் நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

"எல்லாத் தடவையும்," என்றான்.

அவள் தலையாட்டினாள். ஜன்னலடைப்புகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. கண் கூசியது.

"பனி வாரினதை விடு. என் உடம்பு வலுவா இருந்தது, வாரினேன். கர்ட் ஹாக்கி ஆடினானே, அந்த மேட்ச் எல்லாத்துக்கும் அப்பா வருவாரான்னு கேட்பான். 'பாவம்டா, அப்பா முட்டியை மடக்கி உட்கார்ந்து வந்திருக்கார், கேட்காதே'ம்பேன். அப்புறம் அவன் கேட்கறதை விட்டுட்டான். இப்ப வரைக்கும் உன்கிட்ட அவன் ஒண்ணு கேட்கறதில்ல, கவனிச்சிருக்கியா? அவனை நீ அப்படி ஆக்கல வெண்டல். நான் ஆக்கினேன். உன் முட்டிக்காக."

"முதல் தடவை நீ தண்ணில நின்னுட்டிருந்தே... எப்படிச் சொல்றதுன்னு..."

"ரெண்டாவது தடவை நான் தண்ணில நிக்கலையே." குரலை உயர்த்தவே இல்லை அவள். "நீ சுகமாப் போயிட்டு வர்றேன்னு தெரிஞ்சிருந்தா நான் பொறாமைப்பட்டிருப்பேன்னு நினைச்சியா? சந்தோஷப்பட்டிருப்பேன். ஊரெல்லாம் சொல்லியிருப்பேன், எங்க வீட்டுக்காரரு ஆகாசத்துல கட்டில் போட்டுப் படுத்துப் போறாருன்னு. அந்த சந்தோஷத்தை நீ எனக்குக் கொடுக்கவே இல்ல. பரிதாபப்பட மட்டும் வச்சே."

சியோலில் அவர்கள் சண்டையே போடவில்லை. பகலில் அவன் தொழிற்சாலைக்குப் போய், தன் இடத்துக்கு வரப்போகிறவனுக்கு இயந்திரங்களின் குணங்களைச் சொல்லிக் கொடுத்தான். சாயங்காலம் இருவரும் அரண்மனை பார்த்தார்கள், சந்தை பார்த்தார்கள், கரியில் வாட்டிய இறைச்சி சாப்பிட்டார்கள். எதைக் கேட்டாலும் மார்லிஸ் "நல்லாயிருக்கு" என்றாள். உப்பைக் கேட்டால் எடுத்துக் கொடுத்தாள். ஹோட்டல் கட்டிலில் அவள் ஒரு ஓரம், அவன் ஒரு ஓரம். நடுவில் மூன்றாவது ஆள் படுக்கலாம். அவள் கத்தட்டும், அழட்டும், எதையாவது எடுத்து எறியட்டும் என்று அவன் ஏங்கினான்.

திரும்பும் நாள் விமான நிலைய மேசையில் அவள் தன் அனுமதிச் சீட்டை நீட்டி, பின்பக்கத்து நாற்பதாவது வரிசையில் நடு சீட்டு வாங்கிக்கொண்டாள்.

"ஏன் மார்லிஸ்?"

"பதினாலு மணி நேரம் உன் மூஞ்சியைப் பார்க்காம யோசிக்கணும். ஊர்ல இறங்கினதும் வீட்டுக்கு வரணுமா, ரோசஸ்டர்ல அக்கா வீட்டுக்குப் போகணுமான்னு."

"நானும் பின்னாடி வர்றேன்."

"வராதே. உனக்குக் கொடுத்த கட்டில்ல போய்ப் படு."

போய்ப் படுத்தான். வேறு பணிப்பெண், வேறு தட்டு, அதே பாதாம். கட்டிலை நீட்டினான். நீட்டின கட்டிலைப் பார்த்துக்கொண்டு அதன் நுனியில் உட்கார்ந்தான், மருத்துவமனையில் உட்காருவது போல. மடக்கினான். மறுபடி நீட்டினான். பக்கத்து ஜன்னல்காரர் போர்வைக்குள்ளிருந்து தலையை நீட்டி, "உடம்பு சரியில்லையா?" என்றார். ரோசஸ்டர் ஒரு மணி நேரத் தூரம்தான். ஆனால் மார்லிஸின் அக்காவுக்கு வெண்டலைப் பிடிக்காது. போனால் போனதுதான். வீட்டில் இனி எல்லா நாளும் ஞாயிற்றுக்கிழமை, அதில் மார்லிஸ் இல்லை என்பதை நினைத்துப் பார்த்தான். அவன் பயந்துவிட்டான். வேலையிலிருந்து ஓய்வு என்று சொன்னபோது வராத பயம்.

எழுந்து திரைச்சீலையை விலக்கிப் பின்னால் போனான். இருட்டில் வரிசை வரிசையாகத் தலைகள் சரிந்து கிடந்தன. நாற்பதாவது வரிசையில் மார்லிஸ் உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தாள், வாய் லேசாகத் திறந்திருந்தது. ஜன்னல் பக்கம் ஒரு மாணவி. நடைபாதைப் பக்கம் மொன்டானாவில் கோதுமை பயிரிடும் ஒரு பருத்த ஆள், கால் இரண்டையும் வெளியே நீட்டிக்கொண்டு விழித்திருந்தார்.

வெண்டல் குனிந்து, "என் சீட்டை எடுத்துக்கறீங்களா? முன்னாடி இருக்கு," என்றான்.

"ஏன், அதுல என்ன கோளாறு?"

"ஒண்ணும் இல்ல. முழுசா நீளும். கட்டில் மாதிரி."

"அப்ப உங்களுக்கு என்ன கோளாறு?"

"இவங்க என் மனைவி."

அந்த ஆள் மார்லிஸைப் பார்த்தார், வெண்டலைப் பார்த்தார். ஏதோ புரிந்தது போல் உதட்டைப் பிதுக்கிவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு ஒரே மூச்சில் கிளம்பிப் போனார். பணிப்பெண் வந்து விசாரித்து, தலையில் அடித்துக்கொள்ளாத குறையாகச் சம்மதித்தாள்.

வெண்டல் உள்ளே நுழைந்து உட்கார்ந்தான். இத்தனை சின்ன இடமா? இடுப்பு இரண்டு பக்கமும் இடித்தது. முன்னால் இருந்தவர் சாய்ந்தபோது அவர் உச்சி வழுக்கை இவன் மூக்குக்கு நேரே வந்தது. காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் இப்படியும் அப்படியும் நெளிந்தான். நெளிந்ததில் மார்லிஸ் விழித்துக்கொண்டாள்.

அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நான் உன்னைக் கூப்பிடலையே."

"இல்ல."

"இது பரிகாரம்னு நினைச்சு வந்திருந்தா எழுந்து போயிடு. பாதி வழி கால் மரத்துப்போனா அத்தனை வருஷமும் கழிஞ்சுடாது."

"கழியாது. தெரியும்."

"அப்ப எதுக்கு வந்தே?"

நல்ல பதில்கள் நிறையத் தோன்றின. எல்லாவற்றிலும் பொய்யின் வாடை கொஞ்சம் அடித்தது. அவற்றை விட்டுவிட்டான்.

"பயமா இருந்தது," என்றான். "நீ அக்கா வீட்டுக்குப் போயிடுவியோன்னு."

மார்லிஸ் அவன் முகத்தில் எதையோ தேடினாள். திரும்பி முன்சீட்டு முதுகைப் பார்த்தாள். பக்கத்தில் மாணவி தூக்கத்தில் முனகினாள்.

"இன்னும் முடிவு பண்ணல," என்றாள் கடைசியில். பிறகு அவன் முழங்கையைத் தன் முழங்கையால் தள்ளினாள். "கையை எடு. நடு சீட்ல இருக்கறவங்களுக்குத்தான் ரெண்டு கைப்பிடியும். அந்த மொன்டானா ஆளு, நான் உட்கார்ந்ததுமே கேட்காம விட்டுக்கொடுத்தார். நடு சீட்டு நடு சீட்டுன்னு இத்தனை வருஷம் என்கிட்ட அழுதியே, இது கூடவா தெரியாது?"

"தெரியாது," என்று சொல்லி வெண்டல் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.